ஆட்டோ காரை மேனுவலாக மாற்றுவது: சிங்கப்பூரில் அனுமதியிலிருந்து பரிசோதனை வரை

நல்ல மேனுவல் கியர்பாக்ஸ் ஒன்று கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் இந்த வேலையிலேயே எளிதான பாகம் கியர்பாக்ஸ்தான். கனமாக இருக்கும், எண்ணெய் வழியும், மறுநாள் முதுகு வலிக்கும், அவ்வளவுதான். வேலையைக் கவிழ்ப்பது சில்லறைச் சாமான்கள்: ஒரு பெடல், அரை டஜன் போல்ட், இரண்டு ஒயர். சிங்கப்பூரில் இவற்றுக்கும் முன்னால் ஓர் அனுமதி. அதனால்தான் இந்த வழிகாட்டியில் ஸ்பேனரை எடுக்கும் கட்டம் கொஞ்சம் தாமதமாகவே வரும்.

முதலில் கணக்கு

இங்கே ஒரு காரின் ஆயுளை இஞ்சின் தீர்மானிப்பதில்லை, சிஓஇ, அதாவது காரை வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் பத்து வருட உரிமைச் சான்றிதழ், தீர்மானிக்கிறது. உங்கள் சிஓஇ முடிய இரண்டு வருடம்தான் இருக்கிறது, புதுப்பிக்கும் எண்ணமும் இல்லை என்றால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். போட்ட காசு காரோடு சேர்ந்து ஸ்கிராப்புக்குப் போய்விடும். பத்து வருடம் முடிந்ததும் சிஓஇயை 5 வருடத்துக்கோ 10 வருடத்துக்கோ நீட்டிக்கலாம். கட்ட வேண்டிய தொகை, முந்தைய மூன்று மாத ஏலத்தின் சராசரி. 5 வருடத்துக்கு நீட்டித்தால் மறுபடி நீட்டிக்க முடியாது. நீட்டித்ததுமே, காரை ஒழிக்கும்போது பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் பார்ஃப் தள்ளுபடியும் கைவிட்டுப் போய்விடும். பத்து வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரியில் 10% கூடுதல் கட்டணம் தொடங்கி, படிப்படியாக 50% வரை ஏறும். பரிசோதனையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது மாறி வருடா வருடம் என்றாகிவிடும்.

2023இல் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇயே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய பிறகு, பழைய காரையே பத்து வருடத்துக்கு நீட்டித்து வைத்துக்கொள்ளலாம் என்று பலர் யோசிக்க ஆரம்பித்தார்கள். ஆட்டோவை மேனுவலாக்குவதில் அர்த்தம் இருப்பது அப்படிப்பட்ட கார்களில்தான். மற்றவர்களுக்கு என் ஆலோசனை கொஞ்சம் கசக்கும்: ஆட்டோ காரை விற்றுவிட்டு, மேனுவலாகவே வந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட் போன்ற ஒன்றைப் பழைய கார் சந்தையில் தேடுங்கள். பெரும்பாலும் அதுதான் மலிவு, தலைவலியும் குறைவு. இந்தக் காரையே விட மனமில்லை என்பவர்கள் மேலே படியுங்கள்.

வீட்டில் வேறு யாரெல்லாம் காரை ஓட்டுகிறார்கள் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 3ஏ உரிமம் ஆட்டோவுக்கு மட்டும்தான். மனைவியோ அண்ணனோ 3ஏ வைத்திருந்தால், மாற்றிய நாளிலிருந்து அவர்கள் அந்தக் காரைத் தொட முடியாது. புக்கிட் பாத்தோக், ஊபி, உட்லண்ட்ஸ் ஓட்டுநர் பள்ளிகள் ஏதாவது ஒன்றில் 3ஆம் வகுப்புச் செய்முறைத் தேர்வு எழுதித் தேற வேண்டும். குடும்பத்தில் சண்டை வருவதற்கு முன் பேசி முடித்துவிடுவது நல்லது.

அனுமதி

நிலப் போக்குவரத்து ஆணையம், அதாவது எல்டிஏ, கார் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: கேட்காமலே செய்யலாம், ஒப்புதல் வாங்கிச் செய்யலாம், செய்யவே கூடாது. ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குப் போவது, கேட்காமல் தொடக்கூடாத வேலை. ஒப்புதல் முதலில், வேலை பிறகு, அதன் பின் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பரிசோதனை. வரிசையைத் தலைகீழாக மாற்றினால், முடித்த வேலையைப் பிரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் உங்கள் தலையில்தான். எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் போய் மாட்டிக்கொண்டு வந்தால் இந்த விதி பொருந்தாது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். சிங்கப்பூரின் எஸ் எண் பலகை மாட்டிய கார் எங்கே மாற்றப்பட்டாலும் ஓடப்போவது இந்தச் சாலையில்தான்.

விண்ணப்பத்தோடு உங்கள் கையில் இருக்க வேண்டிய முக்கிய ஆதாரம், அதே மாடலை, அதே இஞ்சினோடு, தயாரிப்பாளரே மேனுவலாக விற்றிருக்கிறார் என்பது. பாகங்களின் எண்கள், செய்யப்போகும் பட்டறையின் விவரம், மாற்றத்தின் விளக்கம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இப்படி ஒரு காரை ஒப்புதலோடு முடித்த பட்டறையைப் பிடிப்பது பாதி வெற்றி. காக்கி புக்கிட், சின் மிங், ஊபி பக்கம் நாலு பட்டறை ஏறி இறங்கி, “எல்டிஏ கடிதத்தோடு முடித்த கார் ஒன்று காட்டுங்கள்” என்று கேளுங்கள். “அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்” என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பதிலை எழுத்திலேயே வாங்கி வையுங்கள். விபத்து நடந்த பிறகு இந்தப் பேச்சு வரக்கூடாது.

எந்தக் காருக்கு ஒத்துவரும்?

ஒரே சோதனைதான். உங்கள் கார் மாடலும் உங்கள் இஞ்சினும் சேர்ந்து எங்காவது மேனுவலாக விற்கப்பட்டிருக்க வேண்டும். 90களின் கொரோல்லாவில் 4ஏ-எஃப்இ இஞ்சினுக்கு சி50 ஐந்து கியர் பெட்டி தொழிற்சாலையிலிருந்தே வந்தது. 92க்குப் பிந்தைய சிவிக்கில் டி வகை இஞ்சினுக்கு ஹைட்ராலிக் கிளட்சோடு மேனுவல் இருக்கிறது. அதே சிவிக்குக்கு பி16 இஞ்சினின் பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் டி இஞ்சினில் உட்காராது, இஞ்சினோடு ஒட்டும் கியர்பாக்ஸின் வாயான பெல் ஹவுசிங்கே வேறு. பெயர் ஒன்றாக இருப்பது போதாது, இஞ்சின் குறியீடு ஒத்துப்போக வேண்டும்.

புதிய கார்களில் சிக்கல் ஒயரில் இருக்கிறது. இஞ்சின், ஏபிஎஸ், வழுக்கல் கட்டுப்பாடு, மீட்டர், சாவி எல்லாம் ஒரே இணைப்பில் பேசிக்கொள்ளும். கியர்பாக்ஸ் கணினி பதில் சொல்லாவிட்டால் மற்றவை எல்லாம் விளக்கை எரியவிட்டு முரண்டு பிடிக்கும். எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள கார் என்றால் இன்னும் ஒரு படி கஷ்டம். 2000களின் நடுப்பகுதி வரையிலான எளிய முன்சக்கர இழுவைக் கார் என்றால் வேலை நேர்மையாக நடக்கும். கீழே சொல்வது பெரும்பாலும் அந்த வகைக்கே.

பாகம் சேர்ப்பது

பாகத்தைத் தனித்தனியாக வாங்காதீர்கள். முழு மேனுவல் கார் ஒன்றிலிருந்து, ஒரே கையாக, எல்லாவற்றையும் வாங்குங்கள். இங்கே ஸ்கிராப் போகும் கார்களில் மேனுவல் அரிது. அதனால் பலரும் ஜொகூரின் ஹாஃப் கட் கடைகளைத்தான் நம்புகிறார்கள், ஜப்பானிலிருந்து முன்பாதி மட்டும் வெட்டி வரும் கார்கள் அவை. ஹாஃப் கட்டின் அழகே, டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சாமான்கள் அப்படியே இருப்பதுதான். வாங்கும் முன் தலையை உள்ளே விட்டு மூன்று பெடல் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை அண்ணன், யார் கியர்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “பெட்டி சரி தம்பி, பெடல் எங்கே?” எல்லையில் ஜிஎஸ்டி 9% கட்ட வேண்டியிருக்கும், ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு எல்டிஏவுக்கும் அது உதவும்.

சேர வேண்டியவை இவை: கியர்பாக்ஸ், அதன் மவுண்டுகளும் தாங்கிகளும், ஃப்ளைவீல் (இஞ்சின் முனையில் சுழலும் கனமான சக்கரம்), அதற்கே உரிய போல்ட்டுகளோடு, கிளட்ச் ஃபோர்க், பெடல் தொகுதி முழுவதும், சிறிய பிரேக் பெடல் உட்பட, பெடல் பக்கக் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்க ஸ்லேவ் சிலிண்டர், இடையே உள்ள குழாய், கியர் லீவர், அதன் கேபிள்களோ கம்பிகளோ, இரு டிரைவ் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர் மோட்டார், மேனுவலின் இசியு (இஞ்சின் கணினி), அதன் இம்மொபைலைசரும் (திருட்டுத் தடுப்பு) சாவியும், முடிந்தால் மீட்டர், நடு கன்சோல். ஒரே மாடலிலேயே ஆட்டோவுக்கும் மேனுவலுக்கும் டிரைவ் ஷாஃப்டின் நீளமும் பல்லும் மாறுவதுண்டு, ஸ்டார்ட்டரும் அப்படியே. “இதுவே பொருந்தும்” என்று கடைக்காரர் சொன்னாலும் சேர்த்தே வாங்குங்கள்.

பழையதாக வாங்கக்கூடாதவையும் உண்டு. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், இஞ்சின் பின்பக்க ஆயில் சீல், கியர்பாக்ஸின் சீல்கள், சிலிண்டர்களின் ரப்பர் கிட். இவற்றில் மிச்சம் பிடித்தால் திரும்பவும் கியர்பாக்ஸை இறக்கும் கூலி கொடுக்க வேண்டிவரும்.

பெட்டியைக் கடையிலேயே சோதிக்கலாம். உள்ளீட்டு ஷாஃப்டை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். லேசான அசைவு இயல்பு, கடகடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது. ஒவ்வொரு கியராகப் போட்டுச் சுற்றிப் பாருங்கள். பிறகு வடிகால் திருகைக் கழற்றி அதன் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் பரவாயில்லை, நகம் அளவுக்குத் துண்டுகள் ஒட்டியிருந்தால் திருகைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

பெடலிலிருந்து தொடங்குங்கள்

வீவக (அரசு அடுக்குமாடி) கார் நிறுத்துமிடத்தில் இந்த வேலை ஆகாது, அனுமதியும் இல்லை. கியர்பாக்ஸ் இறங்கிய கார் நகராது என்பதால், எல்லாப் பாகமும் பட்டறைத் தரையில் வந்து உட்கார்ந்த பிறகே பிரிக்கச் சொல்லுங்கள். லிஃப்டில் கார் தொங்கிக்கொண்டிருக்க, ஒரு போல்டுக்காக ஜொகூருக்கு ஓடுவது எல்லோருக்கும் எரிச்சல்.

பலர் அடியிலிருந்து தொடங்குவார்கள். நான் பெடலிலிருந்து தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் அது நடக்காவிட்டால் மற்றது எதற்கு? பேட்டரியைக் கழற்றுங்கள். ஓட்டுநர் காலடிப் பலகைகளை எடுத்து, ஸ்டீயரிங் தண்டைக் கீழே இறக்குங்கள். ஃபயர்வாலில், அதாவது இஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் உள்ள தகட்டில், பிரேக் பூஸ்டருக்குப் பக்கத்தில், கிளட்ச் மாஸ்டருக்கான இடத்தைத் தேடுங்கள். பல கார்களில் துளை ஏற்கெனவே இருக்கும், ஒரு தகடோ ரப்பரோ அதை மூடியிருக்கும். சில கார்களில் அடையாளப் பள்ளம் மட்டும் இருக்கும், துளையிட வேண்டிவரும். துளையிட்ட விளிம்புக்குத் துருத் தடுப்பு பூசுங்கள், நம் ஊர் ஈரத்தில் வெறும் இரும்பு நிற்காது. பிரேக் பெடலின் கொக்கிப் பின் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அது பிரேக், அதில் விளையாட்டு கிடையாது.

ஆட்டோ பெட்டியை இறக்குவது

எண்ணெயை வடியுங்கள். சிறிய காரில் மொத்தம் 5 முதல் 7 லிட்டர் ஏடிஎஃப் (ஆட்டோ பெட்டி எண்ணெய்) இருக்கும், வடிகாலில் வருவது ஏறக்குறையப் பாதிதான். மிச்சம், ஆட்டோவில் கிளட்ச்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒளிந்திருந்து, பெட்டியைச் சாய்க்கும்போது உங்கள் சட்டையில் கொட்டும். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது குற்றம், பட்டறையின் கழிவு எண்ணெய்ப் பீப்பாயில் சேருங்கள்.

ஒயர் இணைப்பிகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி டேப் ஒட்டுங்கள். டிரைவ் ஷாஃப்டுகளை எடுங்கள், ஸ்டார்ட்டரைக் கழற்றுங்கள், இஞ்சினை மேலிருந்து தாங்குங்கள். கன்வெர்ட்டரை இஞ்சின் முனையில் உள்ள ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு பிணைக்கும் போல்ட்டுகள், பெரும்பாலும் ஆறு அல்லது எட்டு, ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான் தெரியும். இஞ்சினின் சுழல் தண்டான கிராங்கைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கன்வெர்ட்டரும் பெட்டியும் ஒன்றாக இறங்கட்டும். ரேடியேட்டருக்குப் போகும் ஏடிஎஃப் குளிர்விப்புக் குழாய்களைக் கழற்றி, ரேடியேட்டர் வாய்களை முறையாக அடைத்துவிடுங்கள். இங்கிருந்து பெட்டி கீழே வரும்வரை சொல்ல ஒன்றுமில்லை, பொறுமைதான்.

ஃப்ளைவீலும் கிளட்ச்சும்

வேலையின் உயிர் இங்கே இருக்கிறது, அவசரம் வேண்டாம்.

ஃப்ளெக்ஸ் பிளேட்டைக் கழற்றியதும் அதன் போல்ட்டையும் ஃப்ளைவீல் போல்ட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். ஃப்ளெக்ஸ் பிளேட் மெல்லிய தகடு, ஃப்ளைவீல் தடித்த இரும்பு. அதனால் ஆட்டோவின் போல்ட் பெரும்பாலும் குட்டையாக இருக்கும். குட்டை போல்ட்டும் ஃப்ளைவீலில் ஏறும், முறுக்கும் பிடிக்கும், ஆனால் கிராங்கின் இரண்டு மூன்று புரிகளை மட்டுமே கவ்வியிருக்கும். 6,000 ஆர்பிஎம்மில் அது கழன்றால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. மேனுவலின் போல்ட், புரிப் பசை, கையேட்டில் உள்ள முறுக்கு விசை, குறுக்கு வரிசை. இதில் தள்ளுபடி கேட்காதீர்கள்.

பின்பக்க ஆயில் சீலை இப்போதே மாற்றுங்கள். ஃப்ளைவீலின் முகத்தைக் கடைசல் பட்டறையில் சமப்படுத்தி, எண்ணெய்ப் பிசுக்கு போகப் பிரேக் கிளீனரால் துடையுங்கள். பின்சக்கர இழுவைக் கார் என்றால் கிராங்கின் முனையில், கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் போட வேண்டும். ஆட்டோவாக வந்த இஞ்சினில் அது பெரும்பாலும் இருக்காது. அந்த வகைக் காருக்கு ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் குறுக்குத் தாங்கியும் சேர்த்து மாறும்.

கிளட்ச் பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் எது என்று அச்சிட்டிருக்கும். சீரமைப்புக் கருவியை நடுவே செருகி, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே மூச்சில் ஒரு பக்கத்தை இறுக்கினால் உறை வளைந்து, பிறகு கிளட்ச் அதிரும். ஷாஃப்டின் பற்களில் கிரீஸ் ஒரு மெல்லிய படலம் மட்டும் போதும், மிஞ்சியது சுழன்று தெறித்துப் பிளேட்டில்தான் ஒட்டும்.

பெட்டியை ஏற்றும்போது கையால் தள்ளியே பெல் ஹவுசிங் இஞ்சினோடு சுற்றிலும் சமமாக ஒட்ட வேண்டும். ஒரு விரல் இடைவெளி மிச்சமிருந்தால் பற்கள் இன்னும் சேரவில்லை என்று பொருள். கியரைப் போட்டு வெளியீட்டுப் பக்கத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள், ஒரு கட்டத்தில் வழுக்கி உள்ளே போய் டொக்கென்று உட்காரும். போல்ட்டைப் போட்டு இழுத்து மூட முயன்றால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளையும், சில நேரம் ஹவுசிங்கின் காதே உடையும்.

ஹைட்ராலிக், எண்ணெய்

கிளட்ச் குழாயில் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் எண்ணெய். முதலில் பெடல் தரையிலேயே படுத்துக் கிடக்கும், பயப்படாதீர்கள். காலால் மிதித்துக் கையால் தூக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பிடிவாதமாகக் காற்று நின்றால் ஸ்லேவ் சிலிண்டரின் தண்டை மெதுவாக உள்ளே தள்ளுங்கள், குமிழ்கள் மேலே தொட்டியில் வந்து வெடிக்கும்.

கியர் எண்ணெய் சிறிய காருக்கு இரண்டு லிட்டருக்குள்தான் பிடிக்கும். தயாரிப்பாளர் ஜிஎல்-4 என்ற எண்ணெய்த் தரத்தைச் சொன்னால் ஜிஎல்-4தான். சில ஜிஎல்-5 எண்ணெய்களின் ரசாயனம் கியர் மாறுவதை மென்மையாக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. ஹோண்டாவுக்கு அதன் சொந்த மேனுவல் எண்ணெய் போடுவதே பாதுகாப்பு.

ஒயர்

ஆட்டோ கார் ‘பி’ (பார்க்) அல்லது ‘என்’ (நியூட்ரல்) நிலையில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அதைக் காவல் காக்கும் சுவிட்ச் பழைய பெட்டியோடு போய்விட்டது. பலர் அந்த இரண்டு ஒயரை நேராக முறுக்கி இணைத்துவிடுவார்கள். கார் ஸ்டார்ட் ஆகும், கியரில் இருந்தாலும் ஆகும், எதிரே யார் நின்றாலும் ஆகும். அந்தச் சுற்றைக் கிளட்ச் பெடலின் சுவிட்ச் வழியாகவே கொண்டுபோங்கள், மிதித்தால் மட்டுமே ஸ்டார்ட். ரிவர்ஸ் விளக்குக்கான இரண்டு ஒயரும் அந்தப் பழைய சுவிட்சில்தான் இருந்தன. அவற்றைப் புதுப் பெட்டியின் ரிவர்ஸ் சுவிட்சுக்கு நீட்டுங்கள். பரிசோதனையில் விளக்கு எரியாவிட்டால் அன்றைக்கே திருப்பி அனுப்புவார்கள்.

ஸ்பீட் சென்சார் இல்லாவிட்டால் மீட்டர் அசையாது. பழைய கார்களில் அது பெட்டியின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும், இணைப்பி மாறினால் ஒட்டலாம். ஆட்டோவின் இசியுவை அப்படியே விட்டால் பழைய பெட்டியோடு போன சொலினாய்டுகளை (மின் வால்வுகளை) தேடி இஞ்சின் விளக்கை எரியவிடும், சில கார்களில் இஞ்சினின் வலுவையும் அடக்கும். அதற்குத்தான் மேனுவல் இசியுவும் அதன் சாவியும். யாரும் நினைக்காத ஒன்று: பல ஆட்டோ கார்களில் லீவர் பி நிலையில் இல்லாவிட்டால் சாவி வெளியே வராது. அந்தப் பூட்டையும் முறையாக நீக்காவிட்டால் முதல் நாள் பெட்ரோல் நிலையத்தில் சாவியோடு மல்லுக்கட்டுவீர்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஸ்டார்ட், முன்சக்கரங்கள் தரையில் படாமல், ஸ்டாண்டின் மேல். முதல் கியர் போட்டுக் கிளட்ச்சை விட்டால் சக்கரம் சுற்ற வேண்டும். பிரேக்கால் நிறுத்திக் கிளட்ச்சை முழுதாக மிதித்தபடி பிரேக்கை விட்டால், அது தானாக வலுவோடு சுற்றக்கூடாது. ரிவர்ஸ் போடும்போது கர்ரென்று கத்தினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை, பெரும்பாலும் குழாயில் இன்னும் காற்று இருக்கிறது. கீழே இறக்கிய பிறகு சக்கர சீரமைப்பும் பார்த்துவிடுங்கள்.

பி நிலை இனிமேல் இல்லை. சரிவில் நிறுத்துவது ஹேண்ட்பிரேக்கும் கியரும்தான், அதனால் ஹேண்ட்பிரேக்கைப் பரிசோதனைக்கு முன்பே இறுக்குங்கள். பரிசோதனைக்கு விக்காம், எஸ்டிஏ, ஜேஐசி போன்ற மையங்கள் இருக்கின்றன. ஒப்புதல் கடிதமும் ரசீதுகளும் காரிலேயே இருக்கட்டும்.

புதுக் கிளட்ச்சுக்கு முதல் 800 கிலோமீட்டர் பதமாக ஓட்டுங்கள். பலமாடி கார் நிறுத்துமிடத்தின் சரிவில் கிளட்ச்சிலேயே காரைத் தாங்கி நிற்பது, வெள்ளிக்கிழமை மாலை காஸ்வே நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்வது, இரண்டும் இந்தக் காலத்தில் வேண்டாம். நெரிசலில் மாட்டிக்கொண்டால் முன்னால் இரண்டு கார் இடைவெளி விட்டு, சேர்ந்தாற்போல் நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். அந்த 800 முடிந்ததும் லிஃப்டில் ஏற்றி, பெல் ஹவுசிங்கின் அடியில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, மவுண்ட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்து, கியர் எண்ணெயை மாற்றுங்கள். கழற்றிய ஆட்டோ பெட்டியையும் கன்வெர்ட்டரையும் பரிசோதனை முடியும்வரை விற்காதீர்கள். ஏதாவது இடித்தால் காரைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவைதான் வேண்டும். முடிந்த பிறகு, அதே பட்டறையில் ஆட்டோ பெட்டி பழுதான கார் ஏதாவது நின்றுகொண்டிருந்தால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.